சங்கண்ணன் வீட்டு முன்வாசல்

நீலகிரி மலையில் பிறந்தவர்களிலேயே ரகசியம் பேசத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் பக்கத்து வீட்டுச் சங்கண்ணன்தான். வீட்டுக்குள் உட்கார்ந்து மனைவியிடம் "உப்பு கம்மி" என்று சொன்னால், எதிர்மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

குன்னூருக்குக் கீழே ஒரு டீ எஸ்டேட். அவர் டிராக்டர் டிரைவர், நான் ஆபீஸ் கிளார்க். இரண்டு குடும்பத்துக்கும் நடுவே ஒற்றைச் சுவர். பேக்டரியில் வேலை நேரத்துக்கு ஊதும் சங்கு ஒருமுறை ரிப்பேரானபோது, மேனேஜர் இவரை மேட்டில் ஏற்றிக் கத்தச் சொன்னார். அன்றைக்கு ஒருவர்கூட லேட்டாக வரவில்லை. பக்கத்து எஸ்டேட்காரர்களும் சேர்ந்து வந்துவிட்டதாகப் பேச்சு. அதோடு அவருடைய சொந்தப் பெயர் காணாமல் போனது.

அப்படிப்பட்டவர் ஒரு கோடையில் எங்கள் வீட்டுக்கு வந்து, என் காதருகே வாயை வைத்துக் காற்று மட்டும் விட்டார்.

"தொண்டை கட்டிக்கிச்சுங்களாண்ணா?"

"இல்லீங்க. அடக்கி வெச்சிருக்கறனுங்க. எங்க ஊட்டு ரோஜாச் செடில குருவி கூடு கட்டியிருக்குது."

போய்ப் பார்த்தேன். முன்வாசல் நிலையோடு ஒட்டிப் படர்ந்த ரோஜாக் கொடியில், கிண்ணம் மாதிரி ஒரு கூடு. தலையில் கொண்டையும் கன்னத்தில் சிவப்புப் பொட்டுமாக ஒரு கொண்டைக்குருவி உள்ளே உட்கார்ந்து எங்களை முறைத்தது. கதவைத் திறந்தால் கொடி ஆடும். கொடி ஆடினால் கூடு ஆடும். ஆகவே சங்கண்ணன் முன்கதவை உள்ளே தாழ் போட்டு, குறுக்கே ஒரு பெஞ்சையும் இழுத்துப் போட்டுவிட்டார். போக்குவரத்தெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருந்த அவரைக்கொடிப் பந்தலைக் குனிந்து கடந்து, சமையல்கட்டு வழியாகத்தான்.

அத்தோடு விட்டாரா? விசில் அடிக்கிறது என்று அவர்கள் வீட்டு குக்கர் எங்கள் அடுப்புக்குக் குடிவந்தது. ரேடியோவுக்குப் போர்வை போர்த்தினார். குஞ்சுகள் பொரிந்த பிறகு வேலை முடிந்ததும் நேராகக் கூட்டை ஒட்டிய ஜன்னலுக்கு வந்துவிடுவார். தாயும் தகப்பனும் மாறி மாறிப் புழு கொண்டுவர, இவர் வாயும் சேர்ந்து திறந்து திறந்து மூடும்.

"கட்டின பொண்டாட்டி ரெண்டு நாள் காய்ச்சல்ல கெடந்தேன், இந்த மனுசன் இப்படி உக்காந்து பாத்திருப்பாரா?" என்று பார்வதியக்கா என் மனைவியிடம் பொருமினார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அவர்கள் மகள் மல்லிகாவைப் பெண் பார்க்கக் கோத்தகிரியிலிருந்து வந்தார்கள். நாங்களும் துணைக்குப் போயிருந்தோம்.

"இன்னைக்கு ஒரு நாளாச்சும் முன்கதவைத் திறங்க," என்று அக்கா கெஞ்சினார். இவர் அசையவில்லை. பட்டுப்புடவையும் சரிகை வேட்டியுமாக வந்தவர்கள் அவரைப் பந்தலுக்குள் குனிந்து நுழைந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தலையில் ஒரு அவரைக்காய் தொங்கியது. எடுத்துவிடும் தைரியம் யாருக்கும் இல்லை.

"ஏனுங்க, நல்ல காரியத்துக்கு வந்தவங்களைப் பொறவாசல்லயா கூப்புடுவாங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

சங்கண்ணன் குசுகுசுவென்று ஏதோ பதில் சொன்னார். மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் காது சற்று மந்தம்.

"என்ன சொல்றாரு?" என்று அவர் அலற, சங்கண்ணன் இரண்டு கையாலும் கும்பிட்டு, "மெதுவாங்க, மெதுவாங்க" என்றார். அந்த அம்மாவின் முகம் மாறியது. இந்த வீட்டில் ஏதோ மறைக்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். காபியைக் கீழே வைத்துவிட்டு, "நாங்க கெளம்பறமுங்க" என்று எழுந்தார். அக்காவின் கண்ணில் நீர் கட்டிவிட்டது.

அந்த நேரத்தில் வெளியே குருவி கிறீச்சிட்டது. ரோஜாக் கொடிமேல் ஒரு காக்கை.

சங்கண்ணன் ஜன்னலுக்குப் பாய்ந்தார். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து ஒரே கத்தலாக வெளிவந்தது. காக்கை பள்ளத்தாக்கைத் தாண்டித்தான் திரும்பிப் பார்த்திருக்கும். மாப்பிள்ளையின் அப்பா காபியை வேட்டியில் கொட்டிக்கொண்டு, "இப்பத்தான் நல்லாக் கேக்குது" என்றார்.

ஆனால் காக்கையோடு தாய்க்குருவியும் பறந்து போயிருந்தது.

"நானே தொரத்திட்டனே," என்று சங்கண்ணன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா ஜன்னலருகே போய் எட்டிப் பார்த்தார். கூட்டுக்குள் சிவந்த வாய்கள் ஆகாயத்தைப் பார்த்துத் திறந்திருந்தன. "அட, இதுக்காகவாங்க இத்தனையும்?" என்றார். குரல் தானாகவே இறங்கியிருந்தது. கிளம்பியவர் அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் பின்னால் நாங்கள் எல்லோரும். காபி ஆறியது. பஜ்ஜித் தட்டோடு வந்த மல்லிகா, மாப்பிள்ளையிடம் முதன்முதலாகப் பேசியது அப்போதுதான்: "கொஞ்சம் தள்ளி உக்காருங்க, மறைக்குது."

அவர் தள்ளி உட்கார்ந்தார்.

வெகு நேரம் கழித்துத் தாய்க்குருவி வாயில் புழுவோடு வந்து இறங்கியது. அந்த அம்மா பெருமூச்சு விட்டு, "வந்துட்டா" என்றார். அக்காவின் பக்கம் திரும்பி, "ஆவணில வெச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

அந்த வாரமே குஞ்சுகள் பறந்துவிட்டன. காலையில் சங்கண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். என் மனைவி கொடுத்த டீயைக் குடித்து முடித்துவிட்டு, டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்:

"போற எடத்துல நல்லா இருக்குமுங்களா?"

குருவிகளைப் பற்றித்தான் கேட்டார். எனக்கு என்னவோ, "நல்லா இருப்பாளுங்கண்ணா" என்றுதான் வாயில் வந்தது.