நெஞ்சுக் கதவைத் திறக்கும் செம்பு

கண்டனூரில் கல்யாணத்துக்கு மட்டும் திறக்கிற ஒரு பெரிய வீடு, மூன்று மாதமாகத் தினமும் திறந்திருந்தது. வாசல் நிறைய வேன்கள். டோக்கன் கொடுக்கவே இரண்டு பேர். உள்ளே நாகநாத சாமிகள். வெறும் வாயால் ஊதியே இருதயக் கதவைத் திறந்துவிடுவாராம். கட்டணம் கிடையாது, காணிக்கை மட்டும்தான். காணிக்கை குறைந்தால் காற்றும் குறையும்.

பக்கத்து ஊரான மானகிரியில் இருக்கும் நாகஜோதிக்கு இருதய வால்வு சுருங்கியிருந்தது. பத்துப் படி ஏறினால் மூச்சு முட்டும். தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, அதன் நுனியிலுள்ள பலூனை உப்பவைத்து வால்வை விரித்துவிடலாம், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று மதுரை டாக்டர் வியாழக்கிழமைக்குத் தேதி கொடுத்திருந்தார். பலூன் என்றதும் அவள் கணவன் காளிராஜுக்குத் திருவிழாக் கடைதான் ஞாபகம் வந்தது. செவ்வாய்க்கிழமையே அவளைச் சாமியாரிடம் கூட்டி வந்துவிட்டான்.

சாமியார் ஒரு பித்தளைச் செம்பை அவள் நெஞ்சில் வைத்தார். அவள் இருதயச் சத்தமாம், ‘புர்ர், புர்ர்’ என்று கூடம் முழுக்கக் கேட்டது. மூன்று முறை ஊதினார். ‘லப் டப், லப் டப்.’ கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இவ்வளவு சுலபமான வேலைக்குப் பத்து வருஷம் படிக்கிறார்களே, பாவம் டாக்டர்கள்!

அடுத்து மஞ்சள் கயிற்றை எடுத்தார்.

“காப்பு கட்டுறேன் தாயி. வீடு போய்ச் சேந்தா, நாப்பத்தெட்டு நாளைக்கு உங்க ஊர் எல்லை தாண்டக் கூடாது. தாண்டுனா கதவு சாத்திக்கிரும்.”

காப்புக் கட்டினால் எல்லை தாண்டக் கூடாது என்பது நம் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். சாமியாருக்கும் தெரிந்திருந்தது. ஊரை விட்டு நகராதவரை எந்த ஸ்கேன் பரிசோதிக்கப் போகிறது? போன மாதம் காப்போடு செத்துப்போனவரை, விரதம் தவறிவிட்டார் என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

நாகஜோதி கையை நீட்டவில்லை. கதவு திறந்துவிட்டதென்றால் தனக்கு ஏன் இன்னும் மூச்சு முட்டுகிறது என்று கேட்டாள். நம்பிக்கை போதவில்லை என்றார் சாமியார்.

அவள் செம்பை எடுத்துப் பக்கத்துத் தேக்குத் தூணில் வைத்தாள். ‘லப் டப், லப் டப்.’ நல்ல ஆரோக்கியமான தூண். சாமியார் கட்டைவிரல் வைத்திருந்த இடத்தில் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினாள். தூணுக்கு ‘புர்ர், புர்ர்’ என்று வால்வு சுருங்கிவிட்டது. செம்புக்குள்ளே ஸ்பீக்கர்.

“சாமி, இந்தத் தூணுக்குக் காப்பக் கட்டுங்க. இதுதேன் எல்லை தாண்டாம நிக்கும்” என்றாள். பிறகு கணவனிடம் திரும்பினாள். “நீங்க வாரீகளா, நான் மட்டும் மதுரைக்குப் போகவா?”

அவனும் கூடப் போனான். வியாழக்கிழமை பலூன் தன் வேலையைச் செய்தது. அடுத்த மாதம் மறுபரிசோதனைக்குப் போனவள், மாடிப்படியை ஒரு மூச்சில் ஏறினாள். காளிராஜுக்குத்தான் மூச்சு வாங்கியது.

தேதி கொடுத்த அன்றைக்கு, பலூன் வெடிக்காதா, குழாய் வழி தவறாதா என்று டாக்டரை முக்கால் மணி நேரம் குடைந்தவன் இவன். கேட்க வேண்டியதுதான். படித்தவரிடம் அத்தனை கேள்வி கேட்கிற வாயை, ஊதுகிறவர் முன்னால் மட்டும் ஏன் ஐயா பொத்திக்கொள்கிறீர்கள்?