சிறுதானியமும் என் இடது கால் கட்டைவிரலும்

மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை. ஆனாலும் எங்கள் கொல்லிமலையில் சொந்த லாரி வாங்கி, மிளகும் சாமையும் அடிவாரத்துக்கு இறக்கிய முதல் சிலரில் நானும் ஒருவன். (முதல் ஆளே நான்தான், அடக்கத்துக்காக இப்படி எழுதுகிறேன்.) எழுபது கொண்டை ஊசி வளைவையும் இடது காலால் கிளச்சை மிதித்தே ஜெயித்தவன்.

காசு புரண்டதும் களியை விட்டேன். மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, நடுநடுவே நாலு கரண்டி சர்க்கரை போட்ட டீ. பக்கத்துத் தோட்டத்துக்கும் லாரியில்தான் போவேன். லாரி இல்லாதவன்தானே நடக்க வேண்டும்!

தொண்ணூற்றெட்டு வாக்கில் இடது கால் கட்டைவிரலில் ஒரு புண். இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. நாமக்கல்லில் ஒரு டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்தார்.

"சர்க்கரை ஏறிக் கிடக்கு. இப்படியே விட்டா விரலை எடுக்க வேண்டி வரும்."

விரல் போனால் கிளச்சு? மாத்திரையோடு ஒரு தாளும் தந்தார். மலையேறியதும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'உணவு: சிறுதானியம். தினமும் நடை.'

சாமை, தினை, கேழ்வரகு என்று தனித்தனியாகச் சொல்வோமே தவிர, சிறுதானியம் என்ற பெயரை நாங்கள் யாரும் கேட்டதில்லை. யோசித்தேன். இருப்பதிலேயே சிறுசு எது? சீரகச் சம்பா! அடிவாரத்துக் காரவள்ளி மளிகைக்கடை பாயிடம் ஒரு மூட்டை வாங்கினேன்.

"என்னங்க, ஊட்டுல விசேஷமா?"

"வைத்தியங்க!"

என் மனைவி செல்லாயி முகர்ந்து பார்த்தாள். "ஏனுங்க, டாக்டரம்மா இதையா திங்கச் சொன்னாங்க? கலியாண ஊடு மாதிரி மணக்குதுங்களே!"

"எழுத்துத் தெரிஞ்சது உனக்கா, எனக்கா? கம்முனு ஆக்கு."

அவள் வழக்கம்போலச் சாமைச் சோறே தின்றாள். (மருந்துச் சோற்றுக்குக் கொடுத்து வைக்காதவள் என்று பரிதாபப்பட்டேன்.) நடையும் குறைவில்லை. லாரியிலிருந்து டீக்கடை வரை நடந்தேன்.

ஒரு மாதம் கழித்துச் செல்லாயியோடு போனால் சர்க்கரை இன்னும் ஏறியிருந்தது. டாக்டரம்மா முறைத்தார்.

"சிறுதானியம் சாப்பிட்டீங்களா, இல்லையா?"

"மூணு வேளையும் தவறலீங்க. ஒரு பருக்கை மீதி வெக்கலீங்க."

கையோடு கொண்டுபோன பொட்டலத்தைப் பெருமையாகப் பிரித்தேன். குனிந்து பார்த்தார்.

"ஐயா, இது பிரியாணி அரிசி! சிறுதானியம்னா சாமை, தினை, கேழ்வரகு. உங்க மலையில கிடைக்காதா?"

கிடைக்காதா! அன்று காலைதான் ஒரு லாரி சாமையை அடிவாரத்தில் இறக்கிவிட்டு வந்திருந்தேன். செல்லாயி தலையில் கை வைத்தாள்.

"அட சாமி! அப்ப நான் திங்கறதுதானுங்களா மருந்து? இந்த மனுசனுக்கு ஒரு மாசமா நோவைத்தானுங்களா ஆக்கிப் போட்டிருக்கேன்!"

வெளியே வரிசையில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து மாத்திரையும் சாமையும் களியும்தான். தோட்டத்துக்கு நடைதான். புண் ஆற நாலு மாதமானது. "நீங்க சொன்னபடி கேக்கற ஆளுங்க" என்று டாக்டரம்மாவே பாராட்டினார். (நான் கேட்டது செல்லாயி சொன்னதை.)

இன்றும் சொந்தக்காரர் கலியாணத்தில் பிரியாணிப் பந்தியில் உட்கார்ந்தால், பரிமாறுகிறவன் கரண்டியோடு என் முன்னால் நின்று ஊருக்கே கேட்கும்படி கத்துவான்: "மாமாவுக்கு இன்னும் ரெண்டு கரண்டி சிறுதானியம் வெக்கட்டுங்களா?"

நான் செருப்பைக் கழற்றி இடது காலை நீட்டுவேன். "அஞ்சும் இருக்குதாடா? எண்ணிப் பாத்துட்டு வெய்யி!"