முத்துக்கனியின் பாவாடை திருவட்டாறு போய்வந்தது

பூதப்பாண்டி
17-1-1954

மதிப்புக்குரிய கோலப்பன் அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் கணபதியப்பன் வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். அங்கும் அப்படியே இருக்கட்டும். நிற்க, என் மகளின் பாவாடையை நீங்கள் திருவட்டாற்றுக்குக் கடத்திவிட்டீர்கள்.

கோபப்படாமல் வாசியுங்கள். வாத்தியார் சம்பளத்துக்குள் பொங்கலை அடக்க மார்கழி முழுக்கக் கணக்குப் போட்டேன். அரிசி, கரும்பு, பனங்கிழங்கு எல்லாம் அடங்கின. முத்துக்கனிக்கு ஒரு சிவப்புப் பாவாடையும் அடங்கியது. அக்காளுக்குப் பிறந்த வீட்டுச் சீராக அனுப்பும் பொங்கல்படி மட்டும் அடங்கவில்லை. "இந்த வருசம் படி கெடையாது. கட்டிக்கொடுத்தவளுக்குச் சாவுற வரைக்கும் வாழக்கொலை சுமக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?" என்று வீட்டுக்குள் நின்று முழங்கினேன். "சட்டத்துல இல்ல, ஒங்க அக்கா மாமியா நாக்குல இருக்கு" என்றாள் பகவதி. பாவாடைக் காசு ஏத்தன் வாழைக்குலையாயிற்று. அதைச் சருகு வைத்துக் கட்டுமுன் முத்துக்கனி அழுதுகொண்டே ஒரு ஊக்கால் பச்சைக் காயில் 'என் பாவாடை' என்று கீறியதை நான் கவனிக்கவில்லை.

குலை பஸ் ஏறி ஆரல்வாய்மொழி வந்தது. நீங்கள் என்ன செய்தீர்கள்? உங்களுக்கும் ஒரு தங்கை, உங்கள் கையிலும் காசில்லை. கட்டை அவிழ்க்காமலே திருவட்டாற்றுக்கு மீனாட்சியின் படியாக அனுப்பினீர்கள். அவள் புருஷன் வள்ளிநாயகத்துக்கும் ஒரு தங்கை உண்டு, அது என் பெண்டாட்டி பகவதி. பொங்கலன்று காலை வாசலில் குலை வந்து இறங்குகிறது, பகவதி பூரித்துப்போய், "பாத்தியளா எங்க அண்ணன் அனுப்பின கொலைய! ஒங்க அக்காளுக்கு நீங்க அனுப்பினது இதுல பாதி தேறுமா?" என்கிறாள், நான் தலைகுனிந்து கட்டை அவிழ்க்கிறேன், முத்துக்கனி கைதட்டிக் குதிக்கிறாள்: "எப்பா, எம் பாவாடை திரும்பி வந்திட்டு!" கீறிய எழுத்து கறுத்து, மஞ்சள் தோலில் கல்வெட்டு மாதிரி நிற்கிறது.

சிரிக்காதீர்கள் அத்தான். ஒரே குலை மூன்று வீட்டு ஆண்பிள்ளைகளின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது; மூன்று தடவை கூலி வாங்கிய பஸ்காரன் மட்டும் பொங்கல் கொண்டாடியிருக்கிறான். இல்லாதவன் இல்லாதவனுக்குக் கொடுத்து, இருப்பதாக ஊருக்குக் காட்டுவது ஒரு வழக்கமா? இன்றைக்கே இதை வெட்டித் தின்னப்போகிறோம். அடுத்த வருசம் முதல் யாரும் யாருக்கும் அனுப்ப வேண்டாம். நீங்கள் பாவாடைத் துணியை அனுப்பிவையுங்கள்.

அத்தைக்கும் அக்காளுக்கும் என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு வாழையாவது குலை தள்ளட்டும்.

இப்படிக்கு,
கணபதியப்பன்

பி.கு: கடிதத்தை ஒட்டுமுன் அக்காள் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டாள்: "ஏலே மக்கா, மாமியா கோயிலுக்குப் போன நேரம் பாத்து இவங்க கொலைய அனுப்பிட்டாங்க, அவ கண்ணுல அது படவேயில்ல. 'ஒந் தம்பி படி அனுப்பலியாட்டி'ன்னு நாலு பேரு முன்ன வச்சுக் கேக்கா. நான் எந்தக் கெணத்துல சாடுவேன்?" ஆகவே இந்தக் கடிதம் குலையோடு வருகிறது. எழுத்துள்ள பழத்தை மட்டும் முத்துக்கனி தரமாட்டேன் என்றுவிட்டாள். மற்றவை நன்றாகக் கனிந்துவிட்டன, இதற்கு மேல் இன்னொரு பஸ் தாங்காது. அத்தை கண்ணில் காட்டிய பிறகு இந்தத் தடவையாவது தின்பீர்களா?