பத்துப் பைசா யானை

காலை ஒன்பது ஐந்து. வீரபாண்டியில் எங்கள் பனியன் கம்பெனி வாசலில் முதலில் தெரிந்தது ஒரு பில் புத்தகம். அதற்குப் பின்னால் 'பத்துப் பைசா' வந்தார். படம் வரையத் தையல்காரரைப் போல பீஸ் ரேட் கேட்ட மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

டி-சர்ட்டில் அச்சடிக்கும் படங்களை வரைந்து தருவது அவர் தொழில். எங்கே போனாலும் படத்துக்கு ஐநூறு ரூபாய். அதுவும் ஆறு முறை மாற்றச் சொன்ன பிறகு. அந்த மாதம், படம் வரையும் கம்ப்யூட்டரின் தவணை மூவாயிரத்து ஐநூறு கட்டாவிட்டால் கடைக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

"காஜா எடுக்கறவருக்கு பீஸ் கணக்குலதானுங்களே குடுக்கறீங்க? எனக்கும் பீஸுக்குப் பத்துப் பைசா குடுங்க" என்றார் முதலாளியிடம்.

"படம் ஓடலைன்னா?"

"பீஸும் இல்லீங்க, காசும் இல்லீங்க."

அவர் வரைந்த யானைப் படத்துக்குக் கையிலிருந்த ஆர்டர் முன்னூறு பீஸ். கூலி முப்பது ரூபாய். முதலாளி உடனே கையெழுத்துப் போட்டு, எல்லோருக்கும் டீ, வடை வரவழைத்தார். வடைச் செலவே முப்பதைத் தாண்டியது.

இரண்டு வாரத்தில் அதே யானைப் படத்துக்கு நாற்பதாயிரம் பீஸ் ஆர்டர் வந்தது.

"ஏனுங்க, பழைய ஐநூறே வாங்கிக்கலாமுங்களே?" என்றார் முதலாளி.

"காஜா எடுக்கறவருகிட்டயும் இப்படிக் கேப்பீங்களா?"

பட்டன் துளை போடும் காஜா மெஷின் நின்றது. அதில் உட்கார்ந்திருந்தவரும் பதிலுக்குக் காத்திருந்தார்.

"சரி, பழுதைக் கழிச்சுத்தான் தருவேன்."

"கழிக்கோணுமுங்க" என்று பத்துப் பைசா நேரே செக்கிங் மேசையில் போய் உட்கார்ந்தார். தேறிய சட்டைகளையும் எடுத்து ஓரமாகப் போட்டார்.

"இது பாஸான பீஸுங்க. தள்ளுனா உங்களுக்குத்தானே நட்டம்?" என்றார் செக்கிங் சரசக்கா.

"போகட்டுமுங்க. யானைக்குக் கண்ணு கலங்கியிருக்குது."

ஒவ்வொன்றிலும் அவருக்குப் போனது பத்துப் பைசா. முதலாளிக்குப் போனது முழுச் சட்டை. இருநூற்றுப் பன்னிரண்டாவது சட்டையில் முதலாளி ஓடி வந்தார். "எந்திரிங்க. கழிக்காம நாலாயிரமும் தாரேன்."

அவர் எழுந்தார். ஆனால் பழுதைக் கழித்தே பில் எழுதினார். நாலாயிரத்தை வாங்கி, இருபத்தோரு ரூபாயைத் திருப்பி வைத்தார். இருபது பைசா சில்லறை இல்லாததற்கு மன்னிப்பும் கேட்டார். அன்றே தவணையைக் கட்டினார்.

கண் கலங்கிய யானை ஒன்றை, கழித்த சட்டைகள் விற்கும் செகண்ட்ஸ் கடையில் நான் வாங்கினேன். அவரிடம் சொன்னதும் பில் புத்தகத்தைத் திறந்தார். அந்தத் தாள் என் பர்ஸில் இருக்கிறது: பீஸ் ஒன்று, பழுது, தொகை இல்லை.