படிக்கக் கூடாத காப்புரிமை

மார்ச் 11. இன்றைய தவறு: எனக்கு வராத கடிதத்தைப் பிரித்துப் படித்தேன்.

வெண்டல் க்ராஸ் நாளுக்கு ஒரு தவறும் மறுநாளைக்கு ஒரு வேலையும் குறிப்பேட்டில் எழுதிவைப்பவன். தவறுக்காக அவன் அலைய வேண்டியிருந்ததே இல்லை.

அவன் புரோகிராம் எழுதிய, ஆஸ்டினில் ஆறு பேர் வேலை பார்த்த சின்ன நிறுவனம், நாய் பூனை மருத்துவமனைகளுக்கு முன்பதிவு மென்பொருள் செய்து கொடுத்தது. படிவத்தைப் பாதியில் விட்டுப் போனாலும், திரும்பி வரும்போது அடித்ததெல்லாம் அப்படியே இருக்கும். ஊர் உலகத்தில் எல்லாரும் செய்வதுதான். அதற்குத் தங்களிடம் காப்புரிமை இருக்கிறது, நாற்பதாயிரம் டாலர் கொடுங்கள், இல்லையேல் நீதிமன்றம் என்றது முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்தின் கடிதம். கொடுத்தால் நிறுவனத்தை இழுத்து மூடிவிட்டு ஆறு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று முதலாளி லொரெட்டா சொல்லிவிட்டாள்.

நிறுவனத்தின் வக்கீல் ஹாட்ச் தொலைபேசியில் முதலில் கேட்டது ஒன்றே ஒன்று.

“கடிதத்தோட வெச்சிருந்த காப்புரிமை நகலைப் படிச்சியா?”

“இல்ல சார், கடிதம் மட்டும். இப்பதான் அதைத் திறக்க…”

“தொடாதே. புரோகிராம் எழுதுறவன் படிச்சா, தெரிஞ்சே செஞ்ச மாதிரி ஆயிடும். அபராதம் மூணு மடங்கு. மூடி எனக்கு அனுப்பு.”

ஆக, எதை மீறுகிறோம் என்று தெரியாமலே அதை மீறாமல் இருக்க வேண்டும்.

வெண்டல் முதலில் அந்த வசதியையே எடுத்துவிட்டான். மறுநாள், ஏழு பூனை வளர்க்கும் ஓர் அம்மாள் மூன்று தடவை ஏழு பெயரையும் அடித்துப் பறிகொடுத்துவிட்டு, நான்காம் தடவை தொலைபேசியில் அவனிடமே ஒப்பித்தார். அடுத்து, ‘போகும் முன் சேமிக்கட்டுமா?’ என்று கேட்கவைத்தான். அதுவும் காப்புரிமைக்குள் வருகிறது என்றார் ஹாட்ச். அதில் எதற்குள் என்று சொல்ல மறுத்துவிட்டார்.

கணினி நினைவு வைத்தால்தானே குற்றம்? பாதியில் நின்ற படிவங்களை வெண்டலே திரையில் பார்த்து மஞ்சள் சீட்டில் எழுதிக்கொண்டு, ஆள் திரும்பி வந்ததும் கையால் அடித்துக் கொடுத்தான். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் சீட்டு இடம் மாறி, ஒரு பச்சைக்கிளிக்குக் கருத்தடை அறுவைக்கு நேரம் குறித்துவிட்டான். மூன்று மருத்துவமனைகள் விலகிக்கொண்டன.

“கண்ணு,” என்றாள் லொரெட்டா, “நீ சரி பண்ணப் பண்ண நமக்கு ஆளு குறையுது. கொஞ்சம் சும்மா இரேன்.”

ஒரே ஒரு வழி பாக்கி என்றார் ஹாட்ச். காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 2012 செப்டம்பரில். அதற்கு முன்பே யாராவது இதைச் செய்திருந்தால் ஆதாரத்தைக் கொண்டுவரட்டும், காப்புரிமை செல்லாமல் போய்விடும்.

வெண்டல் துள்ளி எழுந்தான். செய்தது அவனேதான். டாலஸில் பார்த்த முதல் வேலையில். நாற்காலி வரை விற்றுவிட்டு மூடிப்போன நிறுவனம். வீட்டில் எல்லாப் பெட்டியையும் கவிழ்த்துப் அந்தப் புரோகிராம் இருந்த பழைய குறுவட்டைத் தேடி எடுத்தான். எழுதிய தேதி 2012 ஏப்ரல்.

லொரெட்டாவும் அவனும் ஒரு பெட்டி கொலாச்சி என்னும் இனிப்பு ரொட்டி வாங்கிக்கொண்டு வக்கீல் அலுவலகம் போனார்கள். குமாஸ்தா பானி அம்மாள் வாக்குமூலம் எழுதினார். புரோகிராமின் வாசனையே படாதவர் என்பதால் அந்தக் காப்புரிமையைப் பயமில்லாமல் புரட்டக்கூடியவர் அவர்.

“நீங்க மட்டும் எழுதினதா, வேற யாராச்சும் கைவெச்சாங்களா?”

“ஒவ்வொரு வரியும் நான்தான் மேடம்.”

“இதை முதல்முதலாச் செஞ்சது நீங்கதான்னு போடலாமா?”

“தாராளமாப் போடுங்க.” வெகுகாலத்துக்குப் பிறகு அவன் குரலில் சந்தேகம் இல்லை. சுழித்துக் கையெழுத்துப் போட்டான். லொரெட்டா அவன் தோளில் கை வைத்து அழுத்தினாள்.

காப்புரிமை எண்ணைச் சரிபார்க்க பானி அதன் நகலைத் திறந்தார். முதல் பக்கத்தைப் பார்த்தார், வாக்குமூலத்தைப் பார்த்தார், மறுபடி முதல் பக்கத்தைப் பார்த்தார்.

“நீங்க சொல்றது சரிதான் சார். அவங்களும் அதையேதான் சொல்றாங்க. கண்டுபிடிச்சவர் வெண்டல் க்ராஸ், டாலஸ்னு இருக்கு. உரிமையைப் பழைய கம்பெனிக்கு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க, அவங்க அதை இவங்களுக்கு வித்துட்டாங்க. உங்க குறுவட்டு இப்ப அவங்க பக்க ஆதாரம்.”

லொரெட்டாவின் கை தோளிலிருந்து மெதுவாக விலகியது.

மார்ச் 24. நாளைய வேலை: டாலஸ் போய், அந்த நாள்களில் வேறு எதிலெல்லாம் கையெழுத்துப் போட்டேன் என்று விசாரிக்க வேண்டும்.