ஹூட்டர் அண்ணனின் பத்து நிமிடம்

அந்தமானிலேயே மிகக் குறைவாக வேலை செய்தவரும் மிக அதிகமாக வேலையை முடித்தவரும் ஒரே ஆள்தான்: லாங் ஐலண்ட் தீவில், படகு ஜெட்டியை ஒட்டிய சின்ன அலுவலகத்தின் டைப்பிஸ்ட், எங்கள் ஹூட்டர் அண்ணன். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும்.

காலையில் வந்து கம்ப்யூட்டர் முன் உட்காருவார். கடலைப் பார்ப்பார். புருவத்தைச் சீவுவார். மறுபடி கடலைப் பார்ப்பார். மூன்று மணிக்கு ரங்கத் பக்கத்திலிருந்து வரும் போட் திருப்பத்தில் ஹூட்டர் அடித்ததும் ஆளே மாறிவிடுவார். அது வந்து நின்று, ஆள் ஏற்றிக் கிளம்பப் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் அன்றைய கடிதங்கள் அத்தனையும் அடித்து, பக்கத்து அறை அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, பையில் திணித்து, ஓடிப்போய் போட்டுக்குள் வீசிவிடுவார். ஒரு எழுத்துப்பிழை இருக்காது.

ஒருமுறை போர்ட் பிளேயரிலிருந்து சோதனைக்கு வந்த பெரிய அதிகாரி சீறினார். "மிச்ச நேரமெல்லாம் என்னய்யா பண்றே?"

"தயாராகிட்டிருக்கேன் சார்."

அப்போது ஹூட்டர் அடித்தது. அந்தப் பத்து நிமிடத்தை அதிகாரி வாய் பிளந்து பார்த்தார். பார்த்து முடித்தபோது அவர் ஏற வேண்டிய போட் போயிருந்தது.

எனக்கோ அவரைக் கண்டாலே எரிச்சல். நான் ஐந்து நிறத்தில் அட்டவணை போட்டு, மூன்று ஆப்பில் அலாரம் வைத்து, எதையுமே முடிக்காதவள்.

பிளஸ் டூ முடித்ததும் மெயின்லேண்ட் கல்லூரியில் இடம் கிடைத்தது. அண்ணன் அலுவலகம் தரும் குடியிருப்புச் சான்றை நான்கு மணிக்குள் மெயிலில் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் இடம் வேறொருவருக்கு. அதற்குத் தேவையான விசாரணை அறிக்கை அன்று காலைதான் வந்து சேர்ந்தது. அன்றைக்கென்று பேய்க்காற்று. போட் கேன்சல், அதனால் ஹூட்டரும் இல்லை.

மூன்றரை மணிக்குக் கெஞ்சினேன். "அண்ணே, ப்ளீஸ், அடிங்கண்ணே."

அடித்தார். அப்பா பெயர் இருக்கவேண்டிய இடத்தில் என் பெயர். இரண்டாவது தாளில் நான் காலமாகியிருந்தேன். சான்றுத் தாள் இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி.

"கை வரலை பாப்பா. க்யா கரூன், என்ன பண்றது?" அவர் கண் கலங்கிவிட்டது.

ஓடிப்போய்க் கோயில் சங்கை ஊதச் சொன்னேன். "அடடா, யாரு போய்ட்டாங்க?" என்று எழுந்து நின்றார். மீன்காரரின் சைக்கிள் ஹாரனுக்கு, "எனக்கு இன்னிக்கு மீன் வேணாம்" என்றார்.

கடைசியாக போட் மாஸ்டருக்கே போன் போட்டேன். வங்காளி, எல்லோருக்கும் 'தாதா', அதாவது அண்ணன். ரங்கத் ஜெட்டியில் கட்டிப்போட்ட போட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"தாதா, ஜல்தி, ஹூட்டர் பஜாவோ, ஒரு தடவை அடிங்க!"

போட்தான் கேன்சல் ஆச்சே என்று இந்தியில் கொட்டாவி விட்டார்.

"போட் வேணாம் தாதா, சிர்ஃப் ஹூட்டர்!"

போனை ஸ்பீக்கரில் போட்டு அண்ணன் காதருகே பிடித்தேன். 'பூஊஊம்!'

முதுகு நிமிர்ந்தது. விரல்கள் பறந்தன. நான்கே நிமிடத்தில் சான்றும் கையெழுத்தும் தயார். நான்கு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கையில் மெயில் போய்விட்டது. ஆனால் அண்ணனுக்குத்தான் இன்னும் பாதிப் பத்து நிமிடம் மிச்சம் இருந்ததே! மேஜையில் கிடந்த அத்தனை கடிதங்களையும் அடித்து முடித்து, பையைத் தூக்கிக்கொண்டு ஓடி, வழக்கமான இடத்தில் வழக்கம்போல வீசினார்.

தொபுக்கென்று கடலில் விழுந்தது.

"ஹூட்டர் அடிச்சா போட் நிக்கணும்ல?" என்று என்னிடம் நியாயம் கேட்டார். துறட்டி போட்டுப் பையை இழுத்தோம். தீவின் கடிதங்கள் முழுக்க எங்கள் வீட்டுத் துணிக்கொடியில் கிளிப் மாட்டிக் காய்ந்தன.

தீவை விட்டுக் கிளம்பிய அன்று அந்த ஹூட்டரைப் போனில் பதிவு செய்துகொண்டேன். இப்போது ஒவ்வொரு தேர்வுக்கு முன்னும் அதைக் காதில் வைத்துக் கேட்கிறேன். ஹூட்டர் இல்லாமலும் என்னால் எழுதிவிட முடியும். ஆனால் பதிவின் முடிவில், பையோடு ஓடி வந்த அண்ணன், போட்டில் ஏறவிருந்த என்னையே தள்ளிவிட்டுக் கத்துவதும் பதிவாகியிருக்கிறது: "ஓரம் போ பாப்பா, போட் வந்திருச்சு!"

அதற்காகத்தான் போடுகிறேன்.