மோட்டாருக்குக் காவல் இருந்த மாமனார் எழுதுவது

போலீஸ் உத்தியோகத்தில் பேரும் புகழுமாக இருக்கும் அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

நீங்களும் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மனசுதான் பயத்தில் வெலவெலத்துக் கிடக்கிறது. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போன் இப்போது கிணற்றுக்குள் இருக்கிறது. அது அங்கே எப்படிப் போனது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன தடவை வந்திருந்தபோது, "திருடு போனப்புறம் புலம்பி என்ன பிரயோஜனம் மாமா? சந்தேகமா யாரைப் பார்த்தாலும் உடனே சொல்லணும், தயங்கவே கூடாது" என்று சொல்லி, வயல்காரர்களையும் ஸ்டேஷனையும் சேர்த்துப் போனில் ஒரு குழு தொடங்கிக் கொடுத்தீர்களே, அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். உங்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நீங்கள் கிளம்பிய பிறகுதான் மேற்கு வயல்காரர் கிணற்றில் எவனோ மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனான். கண்ணெதிரே பயிர் வாட, அந்த மனுஷர் வரப்பில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற சமயம். இப்போது தண்ணீர் நின்றால் அத்தனையும் மாட்டுத் தீவனம்தான். எனக்கு இருப்பதோ ஒரே மோட்டார்.

அதிலிருந்து குழுவில் ஒரே அமர்க்களம். விதை விற்க வந்தவர், மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் படம் பிடித்துப் போட்டார்கள். மாட்டு டாக்டர் பையோடு நடந்து போவதை நானே படம் பிடித்து 'உஷார்' என்று போட்டேன். அவர் கோபித்துக்கொண்டு இந்தப் பக்கமே வருவதில்லை. உங்கள் மாமியாரோ, "என்னை விட்டுட்டு அந்த மோட்டாரோடவே குடித்தனம் பண்ணுங்க" என்கிறாள். பண்ணத்தான் செய்தேன். மத்தியானம் வயலில் ஆள் நடமாட்டம் குறைகிற நேரமாகப் பார்த்து, மோட்டார் ரூமுக்குப் பக்கத்துச் சோளத்துக்குள் சாக்கைப் போர்த்திக்கொண்டு, கையில் அரிவாளோடு படுத்துக் காவல் காத்தேன். அப்போதுதான் குழுவில் மேற்கு வயல்காரர் எழுதியிருந்தது கண்ணில் பட்டது: 'கிணத்துப் பக்கம் சோளத்துக்குள்ள சாக்கு போர்த்திக்கிட்டு ஒருத்தன் பதுங்கியிருக்கான். கையில அரிவாள். எல்லாரும் வாங்க.'

எனக்குச் சப்தநாடியும் ஒடுங்கிவிட்டது. நான் போர்த்தியிருந்ததும் சாக்குதான், என் கையில் இருந்ததும் அரிவாள்தான். ஆனால் பயந்தவன் புத்திக்கு அதெல்லாம் எட்டினால்தானே! அடப்பாவி, என்னை மாதிரியே தயாராகி வந்து பக்கத்திலேயே படுத்திருக்கிறானே என்றுதான் தோன்றியது. நீங்கள் சொன்னபடி தயங்காமல் ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன்.

"ஐயா, திருடன் பக்கத்துலயே இருக்கான். அவன் மூச்சு வாங்குறது எனக்கே கேக்குது."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"சோளத்துக்குள்ள."

"அவன்?"

"அவனும் சோளத்துக்குள்ளதான் ஐயா. வெரசா வாங்க."

அதற்குள் தடதடவென்று ஓடி வருகிற காலடிச் சத்தம். போச்சுடா, கூட்டாளிகளும் வந்துவிட்டார்கள் என்று எழுந்து ஓடினேன். "அதோ ஓடுறான், விடாதே!" என்று கத்துகிறார்கள். எனக்கு முன்னால் திருடன் ஓடுகிறான் என்று நினைத்து நானும், "விடாதே, பிடி!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். கிணற்று மேட்டில் ஒரு கட்டை முதுகில் விழுந்தது, போன் எகிறிப் போய்க் கிணற்றில் விழுந்தது. சாக்கை உருவிப் பார்த்த மேற்கு வயல்காரர், "அண்ணே, நீங்களா!" என்று வாயைப் பிளந்தார்.

இன்ஸ்பெக்டர் வந்து, "புகார் குடுத்தது யாரு?" என்றார். நான்தான் என்றேன். "புடிபட்டது யாரு?" என்றார். அதுவும் நான்தான் என்றேன். மனுஷர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "பெரியவரே, இனிமே நீங்க சிங்கத்தையே பார்த்தாலும் எங்ககிட்ட சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குழுவிலிருந்தும் என்னை எடுத்துவிட்டார்களாம். ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் மாப்பிள்ளை. நாளைக்கு நிஜத் திருடன் வந்து நின்றால் நான் யாரிடம் போய்ச் சொல்வது? என் வாய்ச்சொல்லை எவன் நம்புவான்? தயவுசெய்து லீவு போட்டு ஒரு நடை வந்து போங்கள், இல்லாவிட்டால் நம்பிக்கையான ஓர் ஆளையாவது அனுப்புங்கள்.

மகளுக்கு எங்கள் ஆசி. இருவரும் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உயிரைக் கையில் பிடித்திருக்கும்
மாமனார்

பின்குறிப்பு: மாப்பிள்ளை என்றால் நீங்கள்தான் மாப்பிள்ளை! நான் உறையை ஒட்டுவதற்குள் ஆளை அனுப்பிவிட்டீர்களே. வண்டியில் வந்து இறங்கியவரை, "யாரு நீ? என் மாப்பிள்ளை போலீசு தெரியுமா?" என்று அதட்டினேன். "அவர்தாங்க அனுப்பினாரு. மோட்டாரைக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல பத்திரமா வைக்கச் சொன்னாரு" என்றார். எவ்வளவு மரியாதை! கண்மூடித் திறப்பதற்குள் மோட்டாரைக் கழற்றிவிட்டார், நல்ல கைப்பழக்கம். நானும் ஒரு கை பிடித்து வண்டியில் ஏற்றினேன். மேற்கு வயல்காரர் தூரத்திலிருந்து, "யாரண்ணே அது?" என்று கத்தினார். "நம்ம ஆளுதான்" என்று சொல்லிவிட்டேன். தபால் செலவு எதற்கென்று இந்தக் கடிதத்தையும் அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். கிடைத்ததும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.